பதினொன்றாம் வரி

லிஸ்ட் அக்காவால் உட்கார முடியவில்லை. அரங்கில் இருநூறு நாற்காலி கிடந்தது, எதிலும் அவள் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்கவில்லை. கடைசி வரிசையில் போய் உட்காருவாள், உடனே எழுந்து தேநீர் மேசைக்கு வருவாள், ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை எங்காவது வைப்பாள், வைத்த இடம் மறந்து இன்னொன்று வாங்குவாள். பதினோரு மணிக்குள் நாலு ஜன்னல் விளிம்பிலும் அவளுடைய தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, இன்னும் திறக்கலை."

"பாத்துட்டிருக்கேன்மா."

"நேத்தும் பாத்துட்டுதான் இருந்தீங்க. முந்தாநாளும் பாத்தீங்க. லிஃப்ட்ல ஏறினா எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க. உங்க அண்ணி கம்பெனி லைன்தானேன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"இன்னிக்குச் சரியாயிடும்னு சொல்லு."

"அதை நேத்தே சொல்லிட்டேன்."

நாத்தனார் குடியிருக்கும் புதுக் குடியிருப்பில் அறுநூறு வீடு. அறுநூறுக்கும் இணைய இணைப்புக் கொடுத்தது லிஸ்ட் அக்கா வேலை பார்க்கும் சின்ன நிறுவனம். இணைப்பு வந்த அன்று நாத்தனார் மாடி மாடியாக ஏறி இறங்கி, "எங்க அண்ணி போட்ட லைன்" என்று பெருமையடித்திருந்தாள். ஒரு வாரத்தில் சாயம் வெளுத்தது. படம் ஓடியது, பாட்டு ஓடியது. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பக்கம் திறக்கவில்லை, மருத்துவமனையில் நேரம் வாங்கும் பக்கம் திறக்கவில்லை, நகராட்சிப் பக்கம் திறக்கவில்லை. ஊரெல்லாம் திறக்கிறது, இந்த அறுநூறு வீட்டில் மட்டும் வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இணையம் ஏதோ வானத்தில் மிதக்கிறது என்று நினைப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உண்மையில் அது ஆயிரக்கணக்கான தனித்தனி வலைகள், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு வலைக்கும் ஒரு நிறுவனம், ஒவ்வொரு நிறுவனத்திலும் மன அமைதி இல்லாத ஓர் இன்ஜினியர். "உன் ஆட்களும் என் ஆட்களும் எதற்கு ஊரைச் சுற்ற வேண்டும், நடுச்சுவரில் ஒரு கதவு வைத்துக்கொள்வோம்" என்று இரண்டு நிறுவனங்கள் பேசி முடிப்பதற்குப் பியரிங் என்று பெயர். அதைப் பேசத்தான் வருடத்துக்கு இரண்டு முறை இந்தக் கூட்டம். சின்னச் சின்ன மேசை போட்டு, இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, சம்பந்தம் பேசுகிற தோரணையில் பேசுவார்கள். பேச்சு முறிந்தாலும் சம்பந்திச் சண்டைதான்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாம் பட்டப்பெயர்தான். ஏற்பாடுகளையெல்லாம் செய்பவர் பந்தல். எதற்கும் இரண்டு நாள் கழித்துப் பதில் சொல்பவர் நிதானம். இவள் லிஸ்ட் அக்கா. ஐம்பது வயதுக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு முப்பத்தெட்டு.

லிஸ்ட் என்ன லிஸ்ட் என்றால், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முகவரி உண்டு, புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண். ஒரு காலத்தில் அந்த எண்களில் பெரும்பகுதி யாருக்கும் கொடுக்கப்படாமல் கிடந்தது. யாருக்கும் கொடுக்காத முகவரியிலிருந்து ஒருவன் வந்து கதவைத் தட்டினால் அவன் திருடன், சந்தேகமே வேண்டாம். பதின்மூன்று வருடம் முன்பு, வேலையில் சேர்ந்த புதிதில், அவள் அப்படிப்பட்ட முகவரிகளையெல்லாம் திரட்டி, இருபத்திரண்டு வரியில் கச்சிதமாக ஒரு பட்டியல் எழுதினாள். இதை அப்படியே வாசல் காக்கும் ரூட்டரில் ஒட்டுங்கள், திருட்டு வரவு நின்றுவிடும் என்று இந்தக் கூட்டத்தாரின் குழு மின்னஞ்சலில் போட்டாள். நின்றது. ஊர் ஊராக அதை எடுத்து ஒட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து இதே போன்ற அரங்கில் மேடையேற்றிக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அது இப்போது அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில், மின்விசிறி ரிமோட்டுக்குக் காவலாக இருக்கிறது.

கதையின் இன்றைய தொல்லைக்கு வருவோம். அறுநூறு வீட்டுக்கு முகவரி போதவில்லை என்று அவளுடைய முதலாளி தேடி அலைந்து, கடையை மூடிவிட்ட யாரோ ஒருவர் கைவிட்ட எண்களை மொத்தமாக வாங்கி வந்தார். "அந்த ஆள் ராசியில்லாத நம்பருன்னு சொன்னாராம்" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். "நம்பருக்கு ஏது சார் ராசி. பாதையில எங்கயாவது கல்லு கிடக்கும். எடுத்துப் போட்டா போச்சு."

கல் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கட்டளை உண்டு. நம் தகவல் எந்தெந்த வாசலைத் தாண்டிப் போகிறது என்று அடி அடியாகக் காட்டும். நாத்தனார் வீட்டிலிருந்து அதை ஓட்டினால் ஆறு அடி ஒழுங்காக வந்தது. ஏழாவதில் நட்சத்திரக் குறி. எட்டாவதிலும் நட்சத்திரம். நட்சத்திரம் என்றால் பதிலில்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, நகராட்சி, எதற்குப் போனாலும் ஏழாவது வாசலில்தான் தகவல் செத்தது. ஏழாவது வாசல் நிதானத்தின் நிறுவனம்.

அவருக்கு மூன்று முறை எழுதினாள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரி வந்தது: "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. மறுபடி பாக்கறேன்." அந்த வரியைப் படித்தபோது அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. எங்கள் பக்கம் சரியாக இருக்கிறதாம். அப்படியானால் அறுநூறு வீட்டுக்காரர்களும் பொய் சொல்கிறார்களா?

நேற்று மாலை மைக் நேரம். கூட்டத்தின் முதல் நாள் முடிவில் யார் வேண்டுமானாலும் மைக்கில் வந்து குறை சொல்லலாம். ஒரே ஒரு வழக்கம், எழுதாத சட்டம்: வலையைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக் கூடாது. இன்று உன் ரூட்டர் உளறும், நாளைக்கு என் ரூட்டர் உளறும். ஆளைச் சொல்ல ஆரம்பித்தால் மைக் பக்கம் யாரும் வரமாட்டார்கள். பதின்மூன்று வருடமாக அந்த வழக்கத்தை மீறாதவள் நேற்று மீறினாள்.

"ஏழாவது வாசல்ல எல்லாம் நின்னு போகுது" என்று ஆரம்பித்தவள், நாக்கு தன் போக்கில் போக, "அந்த வாசல்ல உக்காந்திருக்கறவர் தூங்கிட்டிருக்காரு. நம்ம நிதானம்தான். யாராவது எழுப்பிவிடுங்க" என்று முடித்தாள்.

அரங்கு சிரித்தது. நிதானம் எட்டாவது வரிசையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முதல் வரிசையில் இருந்த அவருடைய மேலதிகாரி, எல்லாரும் மேடம் என்று சொல்லும் அம்மாள், மட்டும் சிரிக்கவில்லை.

இன்று காலை பதினொன்றே காலுக்குப் பந்தல் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

"அக்கா, விஷயம் தெரியுமா? நிதானத்தைத் தூக்கிட்டாங்க."

"எங்க தூக்கினாங்க?"

"வேலைய விட்டுத்தான். நேத்து ராத்திரியே பாஸ்வேர்டப் பிடுங்கியாச்சு. இன்னிக்கு மூணு மணிக்கு மேடம் மைக்ல சொல்லப் போறாங்க. பொறுப்பானவரை நீக்கிட்டோம், புது ஆள் போட்டாச்சு, இனிமே தப்பு நடக்காதுன்னு. கம்பெனி மானம் போச்சாம்ல."

முதலில் அவளுக்குள் ஒரு சின்னத் திருப்தி எட்டிப் பார்த்தது. மறைக்க என்ன இருக்கிறது, எட்டித்தான் பார்த்தது. அது ஒரு வாய் தேநீர் இறங்கும் நேரம்கூட நிலைக்கவில்லை. போன வருடக் கூட்டத்தில் அவள் சார்ஜரை மறந்துவிட்டு வந்தபோது, தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன் கணினி அணைந்ததும் இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவர் அந்த மனிதர். கதவு திறக்கட்டும் என்றுதான் அவள் கத்தினாள். காவல்காரனின் தலையையா கேட்டாள்?

"புது ஆள் எப்ப சரி பண்ணுவாராம்?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் படிச்சுப் பாக்கணுமே. ஒரு வாரமாவது ஆகும்."

அவள் கோப்பையைப் பந்தலின் கையிலேயே கொடுத்துவிட்டு நடந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் நிதானம் சாப்பாட்டு இடத்தில் இல்லை. கழிப்பறைப் பக்கம் இல்லை, வாகனம் நிறுத்தும் இடத்தில் இல்லை. கடைசியில் பின்பக்க மாடிப்படித் திருப்பத்தில், தீயணைக்கும் சிவப்புக் குழாய்க்குப் பக்கத்தில், படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டுக் காகிதம், தலையணை கனம். ரூட்டரின் அமைப்பு முழுவதையும் அச்செடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு வரியின் கீழும் மரஸ்கேலை வைத்துப் படிப்பது அவர் பாணி. குழுவில் இதை வைத்து ஆயிரம் கேலி உண்டு.

"சார்" என்றாள்.

"வாங்கக்கா. நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன். உக்காருங்க."

"நான் நிக்கறேன்."

"உக்காந்து பாக்க வேண்டிய விஷயம்."

உட்கார்ந்தாள். அவர் கட்டிலிருந்து ஓரம் மடித்த ஒரு தாளை உருவி, ஸ்கேலை வைத்துக் காட்டினார்.

"நீங்க எழுதினதும் நான் தேடினேன். உங்க நம்பரை அப்படியே போட்டுத் தேடினேன், ஒண்ணுமே வரல. அதான் எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டேன். நேத்து உங்க பேச்சுக்கு அப்புறம் மொத்தத்தையும் அச்செடுத்து முதல் வரியிலேருந்து படிச்சேன். நான் தேடினது வீட்டு நம்பர். இங்க யாரோ தெருவையே அடைச்சு வெச்சிருக்காங்க. வீட்டு நம்பரைத் தேடினா தெரு எப்படி வரும்?"

அவள் ஸ்கேலுக்கு மேலே இருந்த வரியைப் பார்த்தாள். ஒரே ஓர் எண், பிறகு மூன்று பூஜ்ஜியம். அந்த எண்ணில் தொடங்கும் எல்லா முகவரிக்கும் கதவடைப்பு. கச்சிதமான வரி. இவ்வளவு சுருக்கமாக எழுதத் தெரிந்தவர்கள் குறைவு என்று நினைத்தாள். நினைத்த மறுகணம் கண் மேலே ஏறியது. அது பதினொன்றாம் வரி. மொத்தம் இருபத்திரண்டு. தலைப்பில், ரூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பாக, ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தது: "இதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத நம்பர். உள்ள விடாதீங்க. கதவைச் சாத்திட்டு நிம்மதியா தூங்குங்க." கீழே அவளுடைய மின்னஞ்சல்.

அந்த மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாக இன்னொரு முறை படித்தாள். அவளுடையதுதான்.

கொடுக்கப்படாமல் கிடந்த முகவரிகள் நிரந்தரமாகவா கிடக்கும்? அவள் பட்டியல் போட்ட இரண்டாம் வருடமே கடைசிக் கையிருப்பு வரை பங்கிட்டுக் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தப் பட்டியல் செத்துப் போனது; திருடனைத் தடுத்த பூட்டு வீட்டுக்காரனைத் தடுக்கும் பூட்டாக மாறியது. அது அவளுக்குத் தெரியும். தன் ரூட்டரிலிருந்து அந்த வாரமே எடுத்துவிட்டாள். எல்லாரும் எடுத்துவிடுங்கள் என்று குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்தாள். அனுப்பவில்லை.

ஏன் அனுப்பவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த மாதம்தான் கேடயம். மேடையேறி, கைதட்டு வாங்கி, படம் எடுத்துக்கொண்ட ஆறாம் நாள், "நீங்கள் புகழ்ந்த பட்டியலைக் குப்பையில் போடுங்கள்" என்று எழுத மனம் வரவில்லை. அடுத்த வாரம் அனுப்பலாம் என்று வைத்தாள். அடுத்த வாரத்துக்கு இன்றோடு பதினொரு வருடம்.

"மேடம்கிட்ட இதைக் காட்டினீங்களா?" என்றாள்.

"இல்ல."

"ஏன் சார்? காட்டியிருந்தா..."

"காட்டியிருந்தா உங்க பேரு வரும். வந்து? எழுதினது நீங்க, பதினொரு வருஷமா எடுக்காம வெச்சிருந்தது நான். பாதியைக் காட்டி மீதியை மறைக்கறதா?" அவர் ஸ்கேலைத் தாளிலிருந்து எடுத்தார். "கோவம் இல்லாம இல்லக்கா. பொய் சொல்ல மாட்டேன். நேத்து மைக் நேரத்தை வீடியோவுல விட்டிருக்காங்க. என் பொண்ணு வீட்ல பாத்திருக்கா. போனதும் அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அப்பா, நீ வேலையில தூங்குவியான்னு."

லிஸ்ட் அக்கா தாளின் மடித்த ஓரத்தை நீவி நிமிர்த்தினாள்.

"இந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க. எனக்கு இனிமே எதுக்கு?"

மணி ஒன்றரை. மூன்றுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். அவள் நடந்தாள். தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், மாடிப்படியில் ஏறி இறங்கி, வாகனங்களுக்கு நடுவில் புகுந்து, மறுபடி தாழ்வாரம். தாள் நாலாக மடிந்து கையில் இருந்தது. சுலபமான வழி ஒன்று கண் முன்னால் நின்று கையை ஆட்டியது. மேடத்திடம் தனியாகப் போய், "இந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லுங்க" என்றால் போதும். வரியை மட்டும் கிழித்துக் கொடுத்தால் தலைப்பைக் கேட்க யாரும் இல்லை. கதவு திறக்கும், நாத்தனார் லிஃப்டில் தலை நிமிர்ந்து போவாள், கேடயம் இருந்த இடத்தில் இருக்கும். நிதானம்? அவருக்கென்ன, இருபது வருட அனுபவம், இன்னோர் இடம் கிடைக்காமலா போகும்? ஐம்பத்திரண்டு வயதில், 'தூங்கினவர்' என்ற பட்டத்தோடு கிடைக்காது என்பது அவளுக்கே தெரிந்தது. தாழ்வாரத்துக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தபோது, நாக்கைக் கொடுத்த கடவுள் அதற்கு ஒரு பூட்டையும் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

அதற்குள் முதலாளியின் போன் வேறு. "என்னம்மா, ஆளை மாத்திட்டாங்களாமே. நல்லதாப் போச்சு. நேத்து போட்ட போடு அப்படி."

"சார், தப்பு நம்ம பக்கம்."

"நம்ம பக்கமா? எந்த ரூட்டர்?"

"ரூட்டர் இல்ல சார். நான்."

"இதை யார்கிட்டயும் சொல்லலையே?" என்றார் முதலாளி.

"இனிமேதான் சொல்லணும்" என்று போனை வைத்தாள்.

மூன்று மணிக்கு மேடம் ஒரு காகிதத்தோடு எழுந்து மைக்கை நோக்கிப் போனார். லிஸ்ட் அக்கா நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள். "மேடம், ரெண்டு நிமிஷம். உங்களுக்கு முன்னாடி நான்" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டாள். மேடம் புருவத்தை உயர்த்தினாலும் நகர்ந்து நின்றார்.

"நேத்து இங்க நின்னு ஆளைச் சொன்னேன். சொல்லக் கூடாதுன்னு வழக்கம். இன்னிக்கும் ஆளைத்தான் சொல்லப் போறேன்." தாளைப் பிரித்தாள். தலைப்பை, அந்த 'நிம்மதியா தூங்குங்க' வரை, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். முன்வரிசையில் சிலர் பழைய ஞாபகத்தில் புன்னகைத்தார்கள். "இது நான் எழுதினது. உங்க எல்லாருக்கும் தெரியும். பதினொரு வருஷம் முன்னாடியே இது காலாவதி. என் ரூட்டர்ல நான் எடுத்துட்டேன். உங்களுக்குச் சொல்லலை. மறந்து போயி இல்ல. கேடயம் வாங்கின ஆறாம் நாள் சொல்ல வாய் வரல. அறுநூறு வீடு இன்னிக்கு அவஸ்தைப்படுதுன்னா பதினொண்ணாவது வரிதான் காரணம். அதைக் கண்டுபிடிச்சது நிதானம் சார். மொத்தத்தையும் ஒவ்வொரு வரியா உக்காந்து படிச்சு. தூங்கினது அவர் இல்ல. நான்."

மேடம் மைக் பக்கம் குனிந்தார். "நீங்க பெருந்தன்மையாப் பேசறீங்க. ஆனா எங்க ரூட்டர்ல அதை இத்தனை வருஷம் விட்டு வெச்சது எங்க ஆளுதானே? பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு மேடம். எல்லாரும் உங்க ரூட்டரைத் திறந்து பாருங்க" என்றாள் அரங்கைப் பார்த்து. "பதினொண்ணாவது வரி இருக்கறவங்க கையைத் தூக்குங்க."

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. முதல் கை பந்தலுடையது, பாதி உயரம்தான் போனது. அப்புறம் ஜன்னலோரம் ஒன்று, நடுவில் இரண்டு, பின்னால் மூன்று. பத்தொன்பது கைகள். இருபதாவதாக, மேடத்தின் பக்கத்து நாற்காலியில், நிதானத்தின் இடத்துக்கு வந்திருந்த புது ஆள் மெல்லக் கையைத் தூக்கினார். "பழைய கம்பெனியில நானும்தான் ஒட்டினேன்" என்றார், காதுமடல் சிவக்க. மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தார். கையிலிருந்த காகிதத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எட்டாவது வரிசையில் காகிதக் கட்டோடு வந்து உட்கார்ந்திருந்த நிதானத்தைப் பார்த்தார்.

"சார், வந்து எடுத்துவிடுங்க" என்றார். "பழைய பாஸ்வேர்டையே போடுங்க. மாத்தினதைத் திருப்பச் சொல்லிடறேன்."

ஒரு வரியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? லிஸ்ட் அக்காவுக்கு ஏழு விநாடி. நிதானம் ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். எடுக்கும் முன் ஒரு பிரதி வைத்தார், பிரதியைத் திறந்து பார்த்தார், ஸ்கேலைத் திரையில் வைத்துப் படித்தார். அவள் பின்னால் நின்று கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை.

போன் அடித்தது. "அண்ணி, திறந்துடுச்சு" என்றாள் நாத்தனார். "ஆனா ஸ்கூல்ல ஹோம்வொர்க் நிறைய குடுத்திருக்காங்க. பையன் திறக்காமலே இருந்திருக்கலாம்ங்கறான்."

லிஸ்ட் அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நிதானம் திரும்பிப் பார்த்து, "வீட்ல அந்த வீடியோ இன்னிக்கும் ஓடியிருக்கும்ல?" என்று கேட்டார். ஓடியிருக்கும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பதினொரு வருடம் வரைவில் கிடந்த கடிதத்தைத் தேடி எடுத்தாள். மேலே ஒரு வரி மன்னிப்பைச் சேர்த்துக் குழுவுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. எடுத்தாச்சு. எடுத்தாச்சு அக்கா. எங்க ரூட்டர்ல நாலு இடத்துல இருந்துச்சு, எடுத்தாச்சு. பேர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் எடுத்தாச்சு வந்தது. அரங்கில் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்த நாற்காலியைக் கடைசியாக எடுத்துக்கொள்கிறோம் என்று விட்டுவிட்டார்கள்.

ஐந்தரைக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் எடுத்தாச்சு இல்லை.

"நான் இப்போது இந்தத் தொழிலில் இல்லை. குழுவிலிருந்து பெயரை நீக்கிக்கொள்ள மறந்ததால் உங்கள் கடிதம் வந்தது. அந்த எண்கள் முன்பு எங்களுடையவை. நாலு வருடம் எல்லாரிடமும் கேட்டேன். உங்களிடமும் கேட்டேன். காரணம் தெரிந்ததில் சந்தோஷம்." கீழே ஒரு தொலைபேசி எண்.

ராசியில்லாத நம்பர் என்று சொன்ன ஆள்.

என்னிடம் எப்போது கேட்டார் என்று அவள் பழைய அஞ்சல்களில் தேடினாள். இருந்தது. எட்டு வருடம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை. "எங்கள் வாடிக்கையாளர்களால் பல பக்கங்களைத் திறக்க முடியவில்லை. உங்கள் பக்கம் ஏதாவது தடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வேறு எங்கே மாட்டக்கூடும் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். நீங்கள் இதில் விவரமானவர் என்றார்கள்."

அதற்குக் கீழே அவளுடைய பதில். அனுப்ப அவள் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. நாலு நிமிடத்தில் அனுப்பியிருந்தாள். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு."

அது பொய்யில்லை. அவள் பக்கம் சரியாகத்தான் இருந்தது. கேட்டவரின் இரண்டாவது கேள்விக்கு ஊரிலேயே பதில் தெரிந்த ஒரே ஆள் அவள். அந்தக் கேள்வியை அவள் படிக்கவே இல்லை. இரண்டு வாக்கியம் படிக்கப் பொறுமை இருந்திருந்தால் ஒரு மனிதரின் கடை மூடியிருக்காது.

பதில் எழுதப் பார்த்தாள். எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். எழுந்து நடக்க வேண்டும் போல இருந்தது, கால் கிளம்பியது. இல்லை என்று அடக்கி உட்கார்ந்தாள். அவருடைய பழைய கடிதத்தை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை, ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துப் படித்தாள். பிறகு அந்த எண்ணை அழுத்தினாள்.

நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னணியில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"சொல்லுங்க, யாரு?"

"எட்டு வருஷம் முன்னாடி நீங்க ஒரு கேள்வி கேட்டிருந்தீங்க" என்றாள். "தப்பு எங்க பக்கம்தாங்க."

இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்காமல், இருந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.